நிக்கையிலயா, ஓடையிலயா: ஒரு எம்ஜிபி சூடான கதை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க நாலு பேர் கூடுற இடத்துல போய் "என் வண்டி சூடாகுதுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. ஒருத்தர் ரேடியேட்டர மாத்துங்கம்பாரு, இன்னொருத்தர் எலக்ட்ரிக் ஃபேன் போடுங்கம்பாரு, மூணாவது ஆள் "பிரிட்டிஷ் கார்னா அப்படித்தான், பழகிக்கோங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிருவாரு. முதல் ரெண்டு பேர் சொல்றதக் கேட்டா பர்ஸுக்குத்தான் சேதம். அந்த மூணாவது ஆள் சொல்றதத்தான் என்னால ஒத்துக்கவே முடியல.

எம்ஜிபிய எடுத்துக்கோங்க. 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துல ஆபிங்டன் ஃபேக்டரில செஞ்ச வண்டி, கூரை தொறக்குற ரோட்ஸ்டரும் கூரை போட்ட ஜிடியும் சேத்து அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க. அதுல பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்கா போச்சு. கலிஃபோர்னியா, டெக்சாஸ், அரிசோனான்னு பாலைவன வெயில்ல தினமும் ஆபீஸ் போக வர ஓடின வண்டி இது. அங்க ஓடினது, இங்க ஆக்ஸ்ஃபோர்டுஷயர்ல 22 டிகிரி வெயிலுக்கே டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு 'ஹெச்'ல (ஹாட்) போய் நிக்குதுன்னா அது டிசைனோட குத்தமில்ல, அந்த ஒரு வண்டில ஏதோ ஒண்ணு கெட்டுப் போயிருக்கு, அத நாம இன்னும் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான் விஷயம்.

என்கிட்ட இருக்கது 1971 ஜிடி. வாங்கும்போதே சூடாகுற வண்டின்னு தெரிஞ்சுதான் வாங்கினேன், வெலையும் அதனாலதான் குறைஞ்சுது. கூடவே ஒரு ஃபைல் குடுத்தாங்க, அதுல வரிசையா பில்லு: புது ரேடியேட்டர், புது வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானாதான் தொறந்து ரேடியேட்டருக்கு விடுற வால்வு), புது ஹோஸ், ரேடியேட்டருக்கு முன்னால ஒரு எலக்ட்ரிக் ஃபேன். ஒவ்வொரு பில்லும் ஒரு ஊகம். யாரோ ஒவ்வொரு வாட்டியும் "இதுவாத்தான் இருக்கும்"னு நெனச்சு காசக் கொட்டியிருக்காங்க, யாருமே ஒரு தெர்மாமீட்டர எடுத்து எதையும் அளந்து பாத்த மாதிரி தெரியல. அந்த ஃபைல்ல எனக்கு உருப்படியா கெடச்ச தகவல் வேற ஒண்ணு: அந்த பில்லெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வண்டி வருஷக்கணக்கா ஒரு கராஜ்ல ஓடாம நின்னிருக்கு. அது பின்னால ரொம்ப உதவிச்சு.

டவுனுக்குள்ள ஓட்டினா ஒண்ணும் ஆகாது. சிக்னல்ல நின்னா முள்ளு கொஞ்சம் ஏறும், அப்புறம் எறங்கிடும். ஆனா எம்40 மோட்டார்வேல லண்டன் பக்கமா போகையில சில்டர்ன் குன்று ஏத்தம் ஒண்ணு வரும், சுண்ணாம்புப் பாறைய வெட்டி ரோடு போட்டிருப்பாங்க, அந்த ஏத்தத்துல பாதிக்கு மேல போகும்போது முள்ளு 'என்'ன (நார்மல்) விட்டுக் கெளம்பி மெதுவா மேல போகும், உச்சிக்குப் போறதுக்குள்ள சிவப்பத் தொடும். உச்சி தாண்டி இறக்கத்துல ஆக்சிலரேட்டர விட்டா தானா எறங்கும்.

இத சித்தப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன். அவருக்கும் எம்ஜிபிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, சம்பந்தம் இருக்கு. எம்ஜிபில இருக்கது பிஎம்சி கம்பெனியோட பி சீரீஸ் இன்ஜின், 1798 சிசி. அதோட அண்ணன் 1489 சிசி, எம்ஜிபிக்கு முந்தி 1955ல வந்த எம்ஜிஏ கார்ல இருந்தது, அதே 1489தான் நம்ம ஊர் அம்பாசிடர்லயும் பெட்ரோல் இன்ஜினா காலங்காலமா ஓடுச்சு. சித்தப்பா திருநெல்வேலில அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர், செங்கோட்டைல இருந்து ஆரியங்காவு ஏத்தத்துல குடும்பம் குட்டி மூட்டை முடிச்செல்லாம் ஏத்திக்கிட்டு மே மாசத்துல போனவர்.

"என்னல, வெள்ளக்காரன் வண்டி கொதிக்குதா?"

"ஆமா சித்தப்பா. ரேடியேட்டர், பம்ப் எல்லாம் புதுசு. அப்பவும் சூடாவுது."

"புதுசு கெடக்கட்டும்ல. எப்ப சூடாவுது? நிக்கையிலயா, ஓடையிலயா?"

"ஓடையிலதான். அதுவும் ஏத்தத்துல."

"அப்ப ஃபேனுக்கும் அதுக்கும் சோலி இல்ல. உள்ளுக்க தண்ணி ஒழுங்கா ஓடுதான்னு பாரு, டைமிங்கப் பாரு. அந்த தெர்மோஸ்டாட்டக் கழத்தித் தூரப் போடு மொதல்ல."

கடைசி வாக்கியத்த விட்ருங்க, அதுக்கு அப்புறம் வாரேன். ஆனா அந்த ஒரு கேள்வி, நிக்கையிலயா ஓடையிலயா, அதக் கேட்டவுடனே பாதி சந்தேகம் கழிஞ்சு போச்சு. நிக்கும்போது மட்டும் சூடானா காத்து பத்தல: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் மேல காத்து படுற வழி. வேகமா ஓடும்போது சூடானா காத்து தாராளமா இருக்கு, ஃபேனே இல்லாட்டியும் பரவால்ல, அப்ப ஒண்ணு தண்ணி சுத்தல, இல்ல இன்ஜின் தேவைக்கு மேல சூட்டக் கெளப்புது. ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துலயே ஏறினா தெர்மோஸ்டாட் மூடியே இருக்கு, இல்ல உள்ள ஏர் லாக் (காத்து மாட்டிக்கிட்டு தண்ணிய மறிக்கிறது), இல்ல மீட்டர் பொய் சொல்லுது.

மீட்டர் பொய் சொல்றதத்தான் மொதல்ல பாக்கணும். வண்டி உண்மையிலயே சூடாகுதான்னு தெரியாமலே ரேடியேட்டர் வாங்கினவங்க நெறைய பேர் இருக்காங்க. பழைய எம்ஜிபில வர்றது கேப்பிலரி டைப் மீட்டர், சின்ன குமிழ் ஒண்ணு இன்ஜினோட மேல் பாகமான ஹெட்ல சொருகியிருக்கும், அதுல இருந்து மெல்லிசு குழாய் ஒண்ணு டேஷ்போர்டு வரைக்கும் போகும், உள்ள இருக்க ஈதர் சூடாகி அழுத்தம் ஏறினா முள்ளு நகரும். கரண்டே கிடையாது. குமிழக் கழட்டி கொதிக்கிற தண்ணில போட்டா முள்ளு எங்க நிக்குதோ அதுதான் 100 டிகிரி, அந்த எடத்துல கண்ணாடி மேல சின்னதா ஒரு மார்க் போட்டுக்கலாம். ஆனா அந்த நட்டு வருஷக்கணக்கா இறுகிப் போயிருக்கும், வேகமா திருகினா குழாயும் சேந்து முறுக்கி அறுந்துடும், அறுந்தா மீட்டர் செத்துச்சு. பின்னாடி வந்த மாடல்கள்ல எலக்ட்ரிக் மீட்டர், அதுல வோல்டேஜ் ஸ்டெபிலைசர்னு ஒரு சின்ன டப்பா இருக்கும், அது கெட்டாலோ அதோட எர்த் சரியில்லன்னாலோ மீட்டர் தப்பா காட்டும், பெட்ரோல் மீட்டரும் சேந்து கூடுதலா காட்டுச்சுன்னா அந்த டப்பா மேல சந்தேகப்படுங்க.

நான் குமிழத் தொடல. லேசர் புள்ளி அடிக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கினேன், விலை அதிகமில்ல. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பளபளன்னு இருக்கிற அலுமினியம் மேல அடிச்சா அது குறைச்சுக் காட்டும், பளபளப்பான உலோகம் தன் சூட்ட ஒழுங்கா வெளிய விடாது. தெர்மோஸ்டாட் மூடி மேல மேட் கருப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு அதுல அடிச்சா நம்பலாம். வீட்ல நிறுத்தி வச்சு இன்ஜின நல்லா சூடாக்கினப்ப முள்ளு 'என்'ல இருக்கையில 84, 85ன்னு காட்டுச்சு, 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட வண்டிக்கு அது சரியான கணக்கு. ஆக மீட்டர் யோக்கியன். ஏத்தத்துல சிவப்புக்குப் போச்சுன்னா நிஜமாவே போகுது.

இந்த தெர்மோஸ்டாட் பஞ்சாயத்தையும் இங்கயே முடிச்சிடுறேன். எம்ஜிபிக்கு மூணு விதமா வரும்: வெயில் நாட்டுக்கு 74, சாதாரணமா 82, கடுங்குளிருக்கு 88. சூடாகுற வண்டிக்கு 74 போட்டா சரியாயிடும்னு பலரும் நெனைக்கிறாங்க. ஆகாது. அது எந்த டிகிரில தொறக்க ஆரம்பிக்கும்ங்கிறதுதான் அந்த நம்பர், தொறந்த பிறகு ரெண்டும் ஒண்ணுதான், ரேடியேட்டரால தாங்க முடியாத சூடு வந்தா 74ல கெளம்பினாலும் அதே எடத்துக்குத்தான் போய்ச் சேரும், கொஞ்சம் லேட்டா சேரும். மொத்தமா கழட்டி எறியிறது நம்ம ஊர் மெக்கானிக்குகளோட பழைய பழக்கம், வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊர்ல அது ஓடிரும். இங்க ஜனவரில அப்படி ஓட்டினா இன்ஜின் பாதி ரோடு வரைக்கும் சூடே ஆகாது, ஹீட்டர் வேலை செய்யாது, ஆயில்ல தண்ணி கலந்து மஞ்சக் கூழா ஆயிடும். அதுவுமில்லாம தெர்மோஸ்டாட் குடுக்கிற தடையாலதான் பம்ப்புக்கு அப்புறம் பிளாக்குள்ள (சிலிண்டரெல்லாம் இருக்க இன்ஜினோட பெரிய பாகம்) கொஞ்சம் அழுத்தம் நிக்குது, அந்த அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வ் பக்கத்துல தண்ணி குமிழ் குமிழா கொதிக்காம பாத்துக்குது. சந்தேகம்னா கழட்டி, ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, கூட ஒரு தெர்மாமீட்டரும் போட்டு அடுப்புல ஏத்துங்க. கண் முன்னாடியே தொறக்கும். என்னுது 82க்கு தொறந்துச்சு. திரும்பப் போட்டுட்டேன். சித்தப்பாகிட்ட சொல்லல.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடிய யாருமே மதிக்கிறதில்ல, ஆனா அது குக்கர் வெயிட் மாதிரிதான். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல ஏறும். ஆரம்ப கால எம்ஜிபிக்கு 7 பிஎஸ்ஐ, அப்புறம் வந்ததுக்கு 10. பாதிக்குப் பாதி ஆன்ட்டிஃப்ரீஸ் (தண்ணி உறையாம பாத்துக்குற திரவம்) கலந்த தண்ணி சும்மாவே 106, 107 டிகிரிலதான் கொதிக்கும், 10 பிஎஸ்ஐ மூடியும் நல்லா இருந்தா 120 தாண்டும். ரப்பர் வாஷர் காஞ்சு போன மூடின்னா அந்த மிச்சமெல்லாம் போச்சு, 106லயே பொங்கிரும். இன்னொண்ணு, என்னுத மாதிரி எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லாத வண்டில ரேடியேட்டர வாய் வரைக்கும் நெரப்பக்கூடாது. சூடானா தண்ணி விரியும், விரிஞ்சது வழிஞ்சு வெளிய போகும், போய் ஒரு இஞ்ச் எடம் விட்டு அதுவா நிக்கும். காலைல மூடியத் தொறந்து பாத்துட்டு "ஐயோ தண்ணி குறைஞ்சிருச்சே"ன்னு திரும்ப வாய் வரைக்கும் ஊத்துவாங்க, அது திரும்ப வழியும், இவங்க ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க சீல்) போச்சுன்னு ராத்திரி தூங்க மாட்டாங்க.

நிக்கும்போது சூடாகுற வண்டிகளப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா என் கேஸ் அது இல்ல. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஒரு பேப்பர ரேடியேட்டர் முகத்துல வச்சுப் பாருங்க, ஃபேன் இழுத்துப் பிடிச்சுக்கணும். விழுந்துட்டா பெல்ட் லூஸ், இல்ல பிளாஸ்டிக் ஃபேன யாரோ முன்பின்னா மாட்டியிருக்காங்க, இல்ல எலக்ட்ரிக் ஃபேனுக்கு பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திக் குடுத்து அது எதிர்ப்பக்கம் ஊதுது. கடைசில சொன்னத நான் வேற ஒருத்தர் வண்டில நேர்லயே பாத்திருக்கேன், ஃபேன் ஓடுற சத்தம் ஜோரா கேக்கும், முள்ளு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். ரேடியேட்டரச் சுத்தி இருக்க ஃபோம் சீல் உதிர்ந்து போயிருந்தா காத்து ரேடியேட்டர் வழியா போகாம பக்கத்துச் சந்து வழியா போயிடும். அப்புறம் கிரில்ல சங்க பேட்ஜ், ஸ்பாட் லைட்டுன்னு கடை வரிசை மாதிரி மாட்டி வைக்கிறாங்களே, அதெல்லாம் காத்த மறைக்கும். அழகுதான், ஒத்துக்கிறேன், எங்கிட்டயும் ஒரு பேட்ஜ் இருக்கு.

இப்ப ஓடும்போது சூடாகுற என் வண்டிக்கு வருவோம். மொதல்ல தண்ணி ஓட்டம். கீழ் ஹோஸ் பம்ப்போட உறிஞ்சுற பக்கம், ரப்பர் தளர்ந்திருந்தா வேகம் ஏறும்போது அது சப்பையா ஒட்டிக்கும், வண்டி நின்ன பிறகு நல்ல பிள்ளையா உப்பி இருக்கும். பானெட்டத் தொறந்து வச்சு ஒருத்தர ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லி ஹோஸப் பாத்தா தெரிஞ்சிடும். என்னுது புதுசு, நல்லா இருந்துச்சு. ரேடியேட்டர் முகத்துல மேல கீழ இடது வலதுன்னு இன்ஃப்ராரெட் அடிச்சுப் பாத்தேன், அடைச்ச குழாய் இருந்தா அந்த எடம் மட்டும் சில்லுன்னு நிக்கும். ஒரு ஓரத்துல கொஞ்சம் குளிர்ச்சி தெரிஞ்சுது. புது ரேடியேட்டர்ல ஏன் அடைப்புன்னு அங்கதான் எனக்கு உறுத்திச்சு.

அடுத்து பிளாக்குல அடிச்சேன், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கப் பிரிச்சு அனுப்புற சாதனம்) இருக்க வலது பக்கம். முன்னால ஒண்ணாம் சிலிண்டர் பக்கத்துல ஒரு சூடு, பின்னால நாலாம் சிலிண்டர் பக்கத்துல அத விட நல்லா தெரியுற அளவுக்கு ஜாஸ்தி. பம்ப் முன்னால இருக்கு, தண்ணி பின்னால போய்த்தான் ஹெட்டுக்கு ஏறணும், பின்னால கொஞ்சம் சூடு கூடுறது சகஜம், ஆனா இவ்வளவு கூடாது.

பிளாக்கோட பின்பக்கம் வலது கைல, கீழ ஒரு டிரெய்ன் டேப் உண்டு. அதத் தொறந்தேன். ரேடியேட்டர் நெறைய தண்ணி இருக்கு, மூடியும் தொறந்திருக்கு, டேப்ல இருந்து ஒரு சொட்டு வரல. டேப்ப முழுசா கழட்டிட்டேன், அப்பவும் வரல, வெறும் ஓட்டை, உள்ள கல்லு மாதிரி ஏதோ நிக்குது. கம்பிய விட்டுக் குத்திக் குத்தி எடுக்க எடுக்க காஞ்ச சேறு வந்துச்சு, அப்புறம் திடீர்னு பழுப்பா ஒரு பீச்சு, என் சட்டை கை வரைக்கும். வார்ப்பு இரும்பு பிளாக், ஆன்ட்டிஃப்ரீஸ் மாத்தாம வருஷக்கணக்கா நின்னா அதுல இருக்க துரு தடுப்பு மருந்தெல்லாம் செத்துப் போகும், துரு உதிர்ந்து கீழ படியும், ஓட்டம் கம்மியா இருக்க பின் மூலைலதான் சேரும். இதுல தென் இங்கிலாந்துத் தண்ணி வேற. சுண்ணாம்பு மண்ணுல ஊறி வர்ற தண்ணி, இங்க கெட்டிலத் தொறந்து பாத்தா அடில வெள்ளையா ஏடு கட்டியிருக்கும், அதே ஏடு இன்ஜின் சுவத்துலயும் கட்டும், சூடு இரும்புல இருந்து தண்ணிக்கு எறங்குறத அது தடுக்கும். குழாய்த் தண்ணிய ஊத்தாதீங்க, டீஅயனைஸ்டு தண்ணி அஞ்சு லிட்டர் கேன்ல கெடைக்குது, இந்த இன்ஜினுக்கு மொத்தமே அஞ்சரை லிட்டர் பக்கம்தான் புடிக்கும், அதுலயும் பாதி ஆன்ட்டிஃப்ரீஸ்.

கழுவுறதுக்கு முன்னாடி ரேடியேட்டரக் கழட்டி வெளிய வச்சுட்டேன், இல்லன்னா பிளாக்குல இருந்து கெளம்புற சேறு நேரா அதுக்குள்ள போய் உக்காரும். முந்தின ஓனரோட புது ரேடியேட்டருக்கு நடந்தது அதுதான், பழைய சேறு இருக்க இன்ஜின்ல புது ரேடியேட்டர மாட்டினா அது ஒரு ஃபில்டர் வேலைதான் பாக்கும். அதையும் தலைகீழா கவுத்து எதிர்த்திசைல தண்ணி விட்டப்ப செங்கல் நெறத்துல கொட்டுச்சு. பிளாக்குக்கு தெர்மோஸ்டாட் மூடி வழியா தோட்டத்து ஹோஸ விட்டு, டேப் ஓட்டைல கம்பியும் கையுமா நின்னு, தெளிவா வர்ற வரைக்கும் கழுவினேன். அப்புறம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற வச்சு மறுபடி கழுவல். இன்னும் சுத்தமா வேணும்னா பிளாக் பக்கவாட்டுல இருக்க கோர் பிளக்கத் தட்டி எடுத்து நோண்டலாம், நான் அவ்வளவு தூரம் போகல.

திரும்ப மாட்டி, ஹீட்டர் வால்வ முழுசா தொறந்து வச்சு, ஹோஸ அமுக்கி அமுக்கி காத்த வெளிய எடுத்து நெரப்பினேன். நாலாம் சிலிண்டர் சூடு இப்ப ஒண்ணாம் சிலிண்டருக்குப் பக்கத்துல வந்துடுச்சு. எம்40க்குப் போனேன். முன்னாடி பாதி ஏத்தத்துல கெளம்புற முள்ளு இப்ப முக்கால் ஏத்தத்துலதான் கெளம்புது. ஆனா கெளம்புது. ஒரே காரணம்தான் இருக்கும்னு நெனச்சு தேடினா இந்த எடத்துல பைத்தியம் புடிச்சிரும்.

சித்தப்பா சொன்ன ரெண்டாவது விஷயம், டைமிங், அதாவது ஸ்பார்க் எப்ப அடிக்கணும்ங்கிற கணக்கு. இதப் பத்தித்தான் ரொம்ப பேருக்கு நம்பிக்கையே வர மாட்டேங்குது, ஸ்பார்க்குக்கும் தண்ணி சூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்குறாங்க. ஸ்பார்க் லேட்டா அடிச்சா பெட்ரோல் லேட்டா எரியும், பிஸ்டன் பாதி எறங்கின பிறகும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த நெருப்பு வண்டியத் தள்றதுக்குப் பதிலா சிலிண்டர் சுவத்துக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் போர்ட்டுக்கும் போகும், போர்ட்டு ஹெட்டுக்குள்ளதான் இருக்கு, அதச் சுத்தித்தான் தண்ணி. போதாக்குறைக்கு பவர் கம்மியா இருக்கதால நாம இன்னும் அழுத்தி மிதிப்போம், இன்னும் பெட்ரோல் போகும், இன்னும் சூடு.

புக்குல இந்த இன்ஜினுக்கு நிறுத்தி வச்சு பாக்கும்போது டைமிங் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 10 டிகிரி முன்னால, ஓடும்போது ஸ்ட்ரோப் லைட்டுல (மின்னி மின்னி புல்லி மார்க்கக் காட்டுற லைட்டு) 600 ஆர்பிஎம்ல 14. ஐடில்ல லைட்ட அடிச்சேன், சரியா இருந்துச்சு. இதோட பலரும் லைட்ட அணைச்சு வச்சிடுவாங்க. வேகம் கூடக் கூட டிஸ்ட்ரிபியூட்டர்க்குள்ள இருக்க ரெண்டு எடைக்கல்லு வெளிய விரிஞ்சு டைமிங்க இன்னும் முன்னால தள்ளணும், 3000 தாண்டும்போது மொத்தம் 30 டிகிரி பக்கம் வந்திருக்கணும். என்னுது 3000லயும் 14லயே நின்னுச்சு, ஆணி அடிச்சாப்புல. புல்லி மார்க் மேலயும் சந்தேகம் வந்துச்சு, ஏன்னா அந்த புல்லில வெளி வளையம் ரப்பர்ல ஒட்டியிருக்கும், பழசானா வழுக்கி மார்க் எடம் மாறிடும். ஒண்ணாம் பிஸ்டன மேல கொண்டு வந்து நிறுத்தி மார்க்க சரி பாத்தேன், எடம் மாறல. ஆக கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர்க்குள்ளதான்.

என் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4 மாடல். மூடியக் கழட்டி ரோட்டார விரலால திருப்பிப் பாத்தா கொஞ்சம் திரும்பி, விட்டா ஸ்பிரிங் இழுத்து டக்குன்னு பழைய எடத்துக்கு வரணும். என்னுது அசையவே இல்ல. அதே வருஷக்கணக்கான கராஜ் வாசம்தான், உள்ள இருந்த கிரீஸ் காஞ்சு மெழுகா இறுகி எடைக்கல்லு ரெண்டையும் புடிச்சு வச்சிருக்கு. டவுன்ல குறைஞ்ச வேகத்துல ஓட்டும்போது 14 டிகிரி போதும், அதனாலதான் டவுன்ல பிரச்சனை இல்ல. 3500 ஆர்பிஎம்ல ஏத்தம் ஏறும்போது இன்ஜின் 30 கேக்குது, டிஸ்ட்ரிபியூட்டர் 14 குடுக்குது. வேக்கம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சுறத வச்சு டைமிங்க முன்னால தள்றது) நல்லா இருந்துச்சு, அத டெஸ்ட் பண்றது சுலபம், அந்த மெல்லிசு குழாய வாயில வச்சு உறிஞ்சி நாக்கால அடைச்சா பாயிண்ட் பிளேட் நகர்ந்து அப்படியே நிக்கணும், திரும்பி வந்துட்டா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. பிளேட்டக் கழட்டி, பெட்ரோல்ல ஊற வச்சுக் கழுவி, லேசா ஆயில் விட்டு, எடைக்கல்லு தாராளமா விரியிற மாதிரி ஆனதும் திரும்ப மாட்டினேன். செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. அந்த ஃபைல்ல இருந்த பில்லு எல்லாத்தையும் கூட்டிப் பாக்க எனக்கு மனசு வரல.

டைமிங்ல இன்னொரு விஷயமும் சொல்லணும். இந்த இன்ஜின் அந்தக் காலத்து ஈயம் கலந்த ஃபோர் ஸ்டார் பெட்ரோலுக்கு செஞ்சது, 97, 98 ஆக்டேன். 2000 ஜனவரி 1ல இருந்து பிரிட்டன்ல அது பெட்ரோல் பங்க்ல கெடைக்கிறதில்ல. சாதா பெட்ரோல் 95. அதப் போட்டா ஏத்தத்துல கிளிக் கிளிக்னு பிங்கிங் (பெட்ரோல் தாறுமாறா எரியிற சத்தம்) கேக்கும், அதுக்கு பயந்து டைமிங்க பின்னால தள்ளி வச்சிருப்பாங்க, சத்தம் நிக்கும், சூடு ஏறும். ஆக்டேன் கூடுன சூப்பர் பெட்ரோல் போட்டு டைமிங்க புக்குல உள்ளபடி வைக்கிறதுதான் என் வழக்கம். 2021 செப்டம்பர்ல இருந்து இங்க சாதா பெட்ரோல் இ10 ஆயிடுச்சு, பத்து சதம் வரை எத்தனால், அதப் போட்டா அதே கார்பரேட்டர் செட்டிங்ல காத்து-பெட்ரோல் கலவை கொஞ்சம் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். லீனும் சூட்டக் கெளப்பும். எஸ்யு கார்பரேட்டருக்கு கீழ ஒரு சின்ன பின் இருக்கும், அத லேசா தூக்கினா உள்ள பிஸ்டன் மில்லிமீட்டர் கூட இல்லாத அளவு உசரும்: இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), தடுமாறி விழுந்தா லீன், ஒரு கணம் ஏறி பழைய வேகத்துக்கு வந்தா சரி. எனக்கு ஒரு கார்பரேட்டர் லீனா இருந்துச்சு, ஜெட் நட்ட ஒரு சிட்டிகை எறக்கினேன்.

ஹெட் கேஸ்கெட்டப் பத்தி கேப்பீங்கன்னு தெரியும். நான் பாத்தேன், பயத்துக்குத்தான் பாத்தேன். ரேடியேட்டர் வாயில வச்சு உறிஞ்சுற டெஸ்டர் ஒண்ணு இருக்கு, உள்ள நீலத் திரவம், எக்ஸாஸ்ட் புகை தண்ணில கலந்திருந்தா மஞ்சளாகும். நீலமாவே இருந்துச்சு. மஞ்சளாகியிருந்தா ஹெட்டக் கழட்டி ரெண்டாம் மூணாம் சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவுல வெடிப்பு இருக்கான்னும் பாக்கணும், அந்த ரெண்டும் ஒரே போர்ட்டுக்குள்ள விடும், சூடு அங்கதான் அதிகம்.

டிசைன்லயே கோளாறு இருந்த பிரிட்டிஷ் காரே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1970ல வந்த ட்ரையம்ஃப் ஸ்டேக். மூணு லிட்டர் வி8, வாட்டர் பம்ப்ப இன்ஜினோட உச்சில நடுப்பள்ளத்துல வச்சாங்க, கொஞ்சம் தண்ணி குறைஞ்சாலே பம்ப் காத்தக் குடிக்க ஆரம்பிச்சிரும். போதாததுக்கு பிளாக்குள்ள வார்ப்பு மணல் மிச்சம் இருந்துச்சுன்னு அந்தக் காலத்துலயே பேர் கெட்டுப் போச்சு. "பிரிட்டிஷ் கார்னா அப்படித்தான்"ங்கிற பேச்சுக்கு ஸ்டேக் கொஞ்சம் தீனி போட்டிருக்கு, எம்ஜிபி போடல. அதுலயும் இன்னைக்கு ஒழுங்கா சுத்தம் பண்ணி வச்சிருக்க ஸ்டேக்குகள் அமைதியா ஓடிக்கிட்டுதான் இருக்கு.

டிஸ்ட்ரிபியூட்டர் சரியானதுக்கு அப்புறம் எம்40 ஏத்தத்துல முள்ளு 'என்'ன விட்டு ஒரு முள் அகலம் தாண்டுது, உச்சி வரைக்கும் அங்கயே நிக்குது. இழுவையும் வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு, மூணாவது கியருக்கு எறங்காமலே நாலாவதுல ஏறுது. எலக்ட்ரிக் ஃபேனக் கழட்டிட்டேன், ரேடியேட்டர் முன்னால சும்மா காத்த மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆன்ட்டிஃப்ரீஸ் பழைய வகை நீலம்தான் ஊத்தியிருக்கேன், பித்தளை ரேடியேட்டரும் வார்ப்பு இரும்பும் இருக்க வண்டிக்கு அதுவே போதும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடணும்.

ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. நல்லா ஓடி வந்து ஆஃப் பண்ணினா கொஞ்ச நேரத்துக்கு முள்ளு ஏறும். அது கோளாறு இல்ல, பம்ப் நின்னு போச்சு, இரும்புல இருக்க சூடு நின்ன தண்ணிக்கு எறங்குது. ஆனா இந்த இன்ஜின்ல கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒண்ணுக்கு மேல ஒண்ணு, அந்த சூட்டுல ஃப்ளோட் சேம்பர்ல இருக்க பெட்ரோல் ஆவியாகி, பெட்ரோல் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினா இருமி இருமித்தான் பத்துது. நடுவுல இருக்க ஹீட் ஷீல்டோட லைனிங் உதிர்ந்து போச்சு, புதுசு ஆர்டர் போட்டிருக்கேன். பழைய லைனிங் ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பிருக்கு, அதனால சுரண்ட வேண்டாம்னு ஷீல்டோட சேத்தே மாத்தப் போறேன்.